‘அன் சன்ஸ்’

குடும்பத் தொழில் என்ற சொல்லில் உள்ள குடும்பம் பெரும்பாலும் அப்பாவும் மகன்களும்தான். கடைப் பலகைகள் இதை ஒளிக்காமலே சொல்கின்றன: ‘அன் சன்ஸ்’. ‘அன் டாட்டர்ஸ்’ என்று எழுதிய பலகையைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

திருநெல்வேலி – தென்காசி சாலையில் உள்ள ஆலங்குளம் வட்டாரத்தின் பீடித் தொழிலில் இது கண்கூடு. மடியில் சுளகை வைத்து இலை வெட்டி, தூள் இட்டு, நூல் கட்டுவது பெண்கள். கூலி 1000 பீடிக்கு இவ்வளவு என்ற கணக்கு. கம்பெனியும் ஏஜென்சியும் பெரும்பாலும் ஆண்கள் கையில். வீட்டில் இருந்தபடியே சுற்றுபவரையும் தொழிலாளி என்று ஏற்றது 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம். வீட்டார் பேச்சில் அந்த வேலை இன்றும் ‘சும்மா இருக்கும்போது சுற்றுவது’.

பெரிய இடத்திலும் கதை வேறல்ல. முருகப்பா தொழில் குழுமக் குடும்பத்தின் எம்.வி. முருகப்பன் 2017இல் காலமானார். அவருக்கு மகள்கள் மட்டுமே. மூத்தவர் வள்ளி அருணாசலம் தாய் நிறுவனமான அம்பாடி இன்வெஸ்ட்மென்ட்ஸின் இயக்குநர் குழுவில் இடம் கேட்டார். 2020இல் பங்குதாரர்கள் மறுத்து வாக்களித்தனர். 2023இல் குடும்பத்துக்குள் சமரசம் ஏற்பட்டது.

குடும்பத்தின் டாஃபே டிராக்டர் நிறுவனத்தை வளர்த்த மகள் மல்லிகா சீனிவாசன் விதிவிலக்கு.

சட்டமோ முன்பே மாறிவிட்டது: பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு என்ற இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தம் தமிழ்நாட்டில் 1989 முதலே நடப்பில் உள்ளது. நாடு முழுவதற்கும் அது 2005இல்தான் வந்தது.