காணாத இடத்துக் கடமை

தீங்கு செய்யும் எண்ணமில்லாதவன் கையால் ஒரு தீங்கு விளையுமாயின், அவனைக் குற்றவாளி எனலாமா? செய்கைக்கு மூலம் எண்ணமே என்பது பகவான் புத்தரின் போதனை. ஆகவே, "கெடுக்க நினையாதவனுக்குக் குற்றம் ஏது?" என்று வினவுவோர் நம்மிடையே பலர். இவ்வினாவிற்கு விடை காண, மோட்டார் வண்டியின் பின்சக்கரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

சித்தூரிலும் திருப்பதியிலும் பழைய கார் வைத்துப் பிழைக்கும் எளியோர், கூலியை மிச்சப்படுத்தும் பொருட்டுப் பின்சக்கரத்துப் பேரிங்கைத் தாமே வீட்டு வாசலில் மாற்றுவதுண்டு. 1983 முதல் 2014 வரை உற்பத்தியான மாருதி 800 போன்ற சிறு வண்டிகளில் இது கைக்கருவிகளால் ஆகக்கூடிய வேலையே. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியால் தூக்கியபின் உறுதியான தாங்கலை அடியில் வைத்தல் வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பலாகாது. சக்கரத்தைக் கையால் சுழற்றினால் பேரிங்கின் நிலை தெரியும். நூற்பாலையில் பல்லாண்டு உழைத்த நாம் அறிவோம்: பேரிங்கின் கேடு செவிக்கு எட்டுமுன் விரலுக்கு எட்டிவிடும்.

கைபிரேக்கைத் தளர்த்தி, நட்டைக் கழற்றி, டிரம்மை வெளியே இழுத்துப் பழைய பேரிங்கைத் தட்டி எடுப்பது உடல்வலிமையால் முடியும். புதியதைப் பொருத்துவதிலேதான் மனிதனின் குணம் வெளிப்படுகிறது. டிரம்மினுள் இறுகப் பொருந்துவது பேரிங்கின் வெளிவளையம். ஆதலின் அவ்வளையத்தின்மீதே, சுற்றிலும் சமமாக, அடி விழுதல் வேண்டும். அவசரக்காரன் உள்வளையத்தில் அடிப்பான். அவ்வடி குண்டுகளின் வழியே பாய்ந்து, அவை உருளும் பாதையில் நுண்ணிய பள்ளங்களை உண்டாக்கும். அப்பள்ளம் கண்ணுக்குத் தெரியாது. சக்கரமும் அன்று நன்றாகவே சுழலும். பல நாள் ஓடிய பின்னரே உறுமல் தொடங்கும். பழைய ஆயில் சீலையே மீண்டும் வைத்தால் கிரீஸ் கசிந்து பிரேக்கைக் கெடுக்கும். பழைய ஸ்பிளிட் பின்னையே வளைத்து மாட்டினால் அது முறிந்து நட்டுத் தளரக்கூடும். இவையெல்லாம் மூடிக்குள் மறைந்து கிடப்பவை. ஒருவரும் திறந்து பார்க்கப்போவதில்லை.

அங்குத்தர நிகாயத்தில் பசேதன மன்னனின் தச்சனைப்பற்றி ஒரு வரலாறு உண்டு. அத்தச்சன் ஒரு சக்கரத்தை ஆறு நாள் குறைய ஆறு மாதத்திலும், மற்றொன்றை ஆறே நாளிலும் செய்து முடித்தான். இரண்டிற்கும் மன்னன் வேறுபாடு காணவில்லை. உருட்டிவிட்ட பின்னரே, அவசரத்தில் செய்தது தள்ளாடி விழுந்தது. மற்றது அச்சில் மாட்டியதுபோல் நிமிர்ந்து நின்றது. உடல், வாக்கு, மனம் ஆகியவற்றின் கோணலை நீக்குக என்பதே இதனால் பகவான் உணர்த்தியது. 'துக்கம்' என்னும் சொல்லுக்கே தீய அச்சுத்துளை என்று பொருள் கூறுவோர் உளர். அது வேறொரு சொல்லின் திரிபு என்பாரும் உளர். எவ்வாறாயினும், கேடுற்ற அச்சு துன்பம் தருவதை வண்டியோட்டுவோர் அனைவரும் அறிவர்.

"வண்டி என்னுடையது, பேரிங் என்னுடையது, பிறருக்கென்ன?" என்பான் ஒருவன். அலிபிரியினின்று திருமலைக்குச் செல்லும் மலைப்பாதை 1944-ஆம் ஆண்டு திறக்கப்பெற்றது. 1974-இல் இரண்டாம் பாதை அமைந்தபின் பழைய பாதை இறங்குவதற்கென ஆயிற்று. அவ்விறக்கத்தின் வளைவுகளில் அவன் பின்னிருக்கையில் அமர்ந்திருப்போரும், எதிர்ப்படுவோரும் அந்த நட்டை நம்பியே உயிர் வைத்திருக்கின்றனர். அவர் எக்கொள்கையினராயினும் உயிர் ஒன்றே. சக்கரம் அவனுடையதாயினும், அது தாங்கும் உயிர்கள் அவனுடையவையல்ல.

இனி, முதல் வினாவிற்கு வருவோம். பேரிங் மாற்றுவோர் மூவகையினர். முறை அறிந்தும் சோம்பலால் குறைத்தவன் முதல்வன். அவன் குற்றம் வெளிப்படை. அறியாதிருந்து, அறிந்தாரைக் கேட்டு, இயன்றவரை செய்தவன் இரண்டாமவன். அதன்பின்னும் கேடு நேரின் அவன் பரிகாரம் செய்யக் கடமைப்பட்டவனே. ஆயினும் மனத்தில் மாசில்லை. அறியாமலும் கேளாமலும் சம்மட்டியை ஓங்கியவன் மூன்றாமவன். கெடுக்கும் எண்ணம் அவனுக்கு இல்லை, மெய்தான். எனினும், கேட்டால் அறியலாம் என்று தெரிந்திருந்தும் கேளாதிருக்கத் துணிந்தது எது? அதுவும் ஓர் எண்ணமன்றோ? அப்பிரமாதம், அதாவது விழிப்புடைமை, என்று பகவான் வற்புறுத்தியது இதன் எதிர்நிலையையே.

ஆதலின் அன்பர்காள்! கைத்தொழில் செய்வது இழிவன்று. தன் வண்டியைத் தானே செப்பனிடுவது போற்றத்தக்கதே. அறியாததை அண்டைப் பட்டறைக்காரரிடம் கேட்க நாணாதீர். சில ரூபாய்ப் பின்னுக்காகப் பிறர் உயிரைப் பணயம் வையாதீர். மூடியை அடைக்குமுன், பிறர் கண் காணாத அவ்விடத்தை உங்கள் கண் ஒருமுறை காணட்டும்.

சர்வ ஜீவர்களும் சுகமடைவார்களாக.