பெட்டியை நிறுத்தத் தெரியுமா?



வேதத்தில் சங்கீதம் 33:3-ஐ எடுத்துப் பாருங்கள். புதுப்பாட்டுப் பாடச் சொல்லுகிற அதே வசனம், வாத்தியத்தை ஏனோதானோவென்று அல்ல, நேர்த்தியாய் வாசிக்கவும் சொல்லுகிறது. இந்த "நேர்த்தி" என்ற வார்த்தையை நான் வாலிப நாட்களில் தப்பாய்ப் புரிந்துகொண்டேன். கர்த்தர் என்னை எப்படித் திருத்தினார் என்கிற சாட்சியை மறைக்காமல் எழுதுகிறேன்.

1994-ஆம் வருஷம். சேரன்மகாதேவி பக்கம் ஆற்றங்கரையில் ஓலைக்கூரை போட்ட சின்ன சபை எங்களுடையது. ஒரு டோலக், இரண்டு டேம்பரின், கைத்தட்டல், அவ்வளவுதான் வாத்தியம். அந்த வருஷம் வளைகுடாவிலிருந்து லீவில் வந்த என் சித்தப்பா, பழைய யமஹா கியூ-ஒய் 10 ஒன்றை எனக்குக் கொடுத்தார். அது 1990-ல் வெளிவந்த கருவி. அளவு ஒரு வீடியோ கேசட்தான்! ஆறு பென்சில் பேட்டரி போட்டால் கையிலேயே வைத்து வாசிக்கலாம். சின்னச் சின்னப் பொத்தான்களே அதற்குக் கட்டைகள். ஸ்பீக்கர் கிடையாது; ஹெட்போனில் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் ஆம்ப்ளிபயரில் சொருக வேண்டும்.

அதற்குள் சீக்வென்சர் என்று ஒன்று உண்டு. டேப் ரிக்கார்டர் சத்தத்தைப் பதிக்கும். சீக்வென்சரோ சத்தத்தைப் பதிக்காது. எந்தக் கட்டை, எந்த நேரத்தில், எவ்வளவு நேரம் அழுத்தப்பட்டது என்கிற கணக்கை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளும். பிறகு அந்தக் கணக்கைப் பார்த்துத் தானே வாசிக்கும். ஆகவே வேகத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் சுருதி மாறாது. எட்டு தடங்கள் அதில் உண்டு. பத்தமடையில் பாய் நெய்கிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? முதலில் பாவு நூலைக் கட்டிக்கொண்டு, பிறகு கோரையை ஒவ்வொன்றாய்க் கோத்து இறுக்குவார்கள். அப்படியே முதலில் தாளத்தைப் பதிப்பேன், அதன்மேல் பேஸ், அதன்மேல் கார்டு, கடைசியில் ராகம்.

ராத்திரி வீட்டில் எல்லாரும் தூங்கின பிறகு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காருவேன். விளக்கப் புத்தகம் இங்கிலீஷில். அகராதியை மடியில் வைத்துத்தான் படித்தேன். என் விரல் முன்னே பின்னே விழுந்தால், பக்கத்திலிருக்கிற சரியான இடத்துக்கு அந்த அடியைத் தள்ளி வைக்கவும் அதில் வழி இருந்தது. அதற்குக் குவாண்டைஸ் என்று பேர். தப்பு செய்தாலும் தப்பே தெரியாது! பிரியமானவர்களே, என் பெருமை அங்கேதான் வளர்ந்தது.

சபையில் டோலக் அடித்தவர் ஒரு வயதான விசுவாசி. எல்லாரும் அவரைப் பாட்டையா என்றுதான் கூப்பிடுவோம். பகலெல்லாம் வயல் வேலை செய்த கை அது. பாட்டு வேகமெடுத்தால் அவரும் வேகமெடுப்பார். ஜனங்கள் அழுதால் அவர் கை மெத்தென்று விழும். நான் பாஸ்டர் ஐயாவிடம் போய், "ஐயா, தாளமெல்லாம் இந்தப் பெட்டியிலேயே இருக்கு. இனி டோலக் வேண்டாம்யா" என்றேன். பாட்டையா ஒன்றும் சொல்லவில்லை. டோலக்கைத் துணியில் சுற்றிக்கொண்டு போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். அதைப் பார்த்தும் என் மனசு குத்தவில்லை. எவ்வளவு கடினம் பாருங்கள்!

1995-ல் ஒரு உபவாசக் கூட்டம். 1992 நவம்பரில் தாமிரபரணி பெருகி வந்த வெள்ளத்தில் வீட்டை இழந்த ஒரு ஆச்சி சாட்சி சொல்ல எழும்பினார்கள். மூன்று வருஷம் பிறத்தியார் திண்ணையில் படுத்தவர்களுக்கு, அந்த வாரந்தான் சொந்தமாய் ஒரு கூரை கிடைத்திருந்தது. பேச்சு வரவில்லை; கண்ணீரோடு ஒரு பழைய கீர்த்தனையைத் தொடங்கினார்கள். நான் உடனே பொத்தானை அமுக்கினேன்.

பாட்டு மூன்றடிக் கணக்கு. என் பெட்டி ஓடினது நாலடிக் கணக்கு. ஆச்சி இழுத்துப் பாடின இடத்தில் பெட்டி காத்திருக்கவில்லை; அவர்கள் மூச்சு வாங்கின இடத்தில் அது தட்டிக்கொண்டே போனது. இரண்டு வரி முயன்று பார்த்தார்கள். பிறகு பாட்டை விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். சபையே மௌனம். பெட்டி மட்டும் ஆம்ப்ளிபயரில் ஓடிக்கொண்டிருக்கிறது! பதற்றத்தில் நிறுத்தும் பொத்தான் என் கண்ணில் படவே இல்லை.

அப்போது பின்னாலிருந்து பாட்டையா எழும்பி வந்தார். என் தோளில் கை வைத்து, "தம்பி, பெட்டியை நிறுத்துடே. ஆச்சி பாடட்டும்" என்றார். நான் வயரையே பிடுங்கினேன். பாட்டையா டோலக்கை எடுக்கவில்லை. பக்கத்திலிருந்த பெஞ்சில் விரலால் மெல்லத் தட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று. ஆச்சி உட்கார்ந்தபடியே மறுபடியும் பாடினார்கள். சபை சேர்ந்து பாடிற்று. அன்றைக்கு ஆவியானவர் கூட்டத்தில் அசைவாடினார். நான் மூலையில் உடைந்து அழுதேன்.

மறுநாள் பாட்டையா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "பெட்டி நல்ல பெட்டிதாம்டே. ஒனக்குத்தான் தாளம் தெரியல. உக்காரு" என்றார். நம் திருநெல்வேலியில் 1774-ல் பிறந்த வேதநாயகம் சாஸ்திரியார் போன்றவர்கள் ராகத்தோடும் தாளத்தோடும் பாட்டுகளைத் தந்தார்கள். அந்தப் பாட்டுகளுக்குச் சொந்த நடை உண்டு. அந்த நடையை நான் கற்கவே இல்லை. பொத்தானைக் கற்றேன், பாட்டைக் கற்கவில்லை!

அதன்பின் வாரா வாரம் அவர் திண்ணையில் உட்கார்ந்தோம். அவர் அடிப்பார், நான் முதலில் என் தொடையில் தட்டிப் பழகுவேன், பிறகுதான் பெட்டியில் அடி அடியாய் ஏற்றுவேன். அந்தச் சின்னப் பொத்தான்களுக்கு மெதுவாய்த் தட்டுவதும் பலமாய்த் தட்டுவதும் ஒன்றுதான். அதனால் அவருடைய மெல்லிய அடி அதில் அப்படியே வரவில்லை. ஆனாலும் மூன்றடிக்கு ஒரு நல்ல பேட்டர்ன் செய்தோம். சபையில் டோலக் திரும்ப முன்வரிசைக்கு வந்தது. பெட்டி அதன் பக்கத்தில் ஒத்தாசையாய் நின்றது.

2003-ல் பாட்டையா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். பின்பு ஒருநாள் பெட்டியைத் திறந்து பார்த்தேன். நினைவைக் காக்கிற உள் பேட்டரியை வருஷக்கணக்கில் நான் மாற்றாமல் அசட்டையாய் விட்டிருந்தேன். நாங்கள் ஏற்றினதெல்லாம் அழிந்துபோயிருந்தது. முதலில் நெஞ்சு பதறிற்று. அப்புறம் என் விரல் தானாகவே மேஜையில் தட்டத் தொடங்கினது. ஒன்று, இரண்டு, மூன்று. பாட்டையாவின் அடி! பெட்டி மறந்தது, கை மறக்கவில்லை. ஸ்தோத்திரம்!

தேவஜனமே, இதிலிருந்து மூன்று காரியங்களை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, கற்றுக்கொள்ளுங்கள். 1 நாளாகமம் 25-ஆம் அதிகாரத்தில் கர்த்தரின் பாட்டுகளில் தேர்ந்தவர்கள் 288 பேர். அவர்களில் கற்றுக்கொடுத்தவனும் கற்றுக்கொண்டவனும் வித்தியாசமில்லாமல் சீட்டுப்போட்டார்கள். வாலிபனே, உன் சபையில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிற ஆசான் யார்?

இரண்டாவது, விட்டுக்கொடுங்கள். 1983-ல் மிடி என்கிற பொதுமொழி இசைக்கருவிகளுக்கு வந்தது. அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும் ஜப்பானின் இகுடாரோ ககேஹாஷியும் வியாபாரத்தில் போட்டியாளர்கள். ஆனாலும் ஒருவர் செய்த கருவி மற்றவர் செய்த கருவியோடு பேச வேண்டுமென்று சேர்ந்து உழைத்து, அதைக் கட்டணமில்லாமல் எல்லா கம்பெனிகளுக்கும் கொடுத்தார்கள். 2013-ல் இருவருக்கும் கிராமி தொழில்நுட்ப விருது கிடைத்தது. உலகத்துப் போட்டியாளர்களால் இது கூடுமானால், ஒரே சபையில் டோலக்கும் கீபோர்டும் ஏன் சண்டை போட வேண்டும்?

மூன்றாவது, நிறுத்தத் தெரிந்துகொள்ளுங்கள். இன்றைக்கு என் பெட்டி செய்ததைவிட அதிகமாய் உங்கள் கைபேசி செய்யும். காதில் கிளிக் சத்தம் மாட்டிக்கொண்டு ஆராதனை நடத்துகிறீர்கள். தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு விதவைத் தாய் தன் மூச்சில் பாட்டெடுத்தால், அதை நிறுத்த உங்கள் விரலுக்குத் தெரியுமா? சவுலுக்கு முன்பாகத் தாவீது தன் கையினாலே வாசித்தான் என்று 1 சாமுவேல் 16:23 காட்டுகிறது. எதிரே வேதனைப்படுகிற மனுஷனைப் பார்த்து வாசிக்கிற கை அது. நேர்த்தி என்பது தப்பில்லாத தாளம் மட்டுமல்ல. பக்கத்தில் பாடுகிறவருக்குக் காத்திருக்கிற தாளமே நேர்த்தி.

ஜெபிப்போமா? அன்பின் பரலோகப் பிதாவே, எங்கள் விரல்களைப் பழக்குவியும். எங்கள் பெருமையை உடைத்துப்போடும். நாங்கள் பின்னே தள்ளினவர்களை முன்னே அழைக்க எங்களுக்குக் கிருபை தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், நல்ல பிதாவே. ஆமென்.