ஆரோக்கியப்பச்சை யாருடைய உடைமை?

முன்னோர் வழியாக வந்த அறிவைப் பிறருக்குச் சொல்ல ஒருவனுக்குத் தனித்து உரிமை உண்டா? அகத்தியமலையைத் தமிழ் முனிவரின் இருப்பிடம் எனப் போற்றும் நாம், ஸ்ரீவராகத்திலிருந்துகொண்டு அம்மலையின் காணி மக்களை நினைப்பது அரிது. ஆனால் இவ்வினா எழுந்தது அவர்களிடையேதான்.

1987-இல் அங்கே ஆய்வுக்குச் சென்ற அறிவியலாளர், தமக்கு வழிகாட்டிய காணிகள் ஏதோ கனிகளைத் தின்று களைப்பின்றி நடப்பது கண்டு வியந்தனர். வினவியபொழுது காணிகள் தயங்கினர். அது குலத்தின் மறை. பின்னர்ச் செடியைக் காட்டிக் கொடுத்தனர். இச்சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டென்பது இங்கே உறுத்தவே செய்கிறது.

பாலோட்டிலுள்ள தாவரவியல் தோட்ட ஆராய்ச்சி நிலையம் அச்செடியிலிருந்து 'ஜீவனி' என்னும் மருந்தை உருவாக்கி, 1995-இல் கோவை ஆர்ய வைத்திய பார்மசிக்கு உரிமம் அளித்தது. கட்டணம் 10 லட்சம் ரூபாய். விற்பனையில் நூற்றுக்கு 2 பங்கு. இவற்றிற் பாதியைக் காணிகளுக்கு அளிக்க முடிவாயிற்று. 1997-இல் அதற்கென ஓர் அறக்கட்டளையும் பதிவாயிற்று.

உலக நாடுகள் 1992-இல் ரியோவில் செய்த உடன்படிக்கை, இத்தகைய பயனைப் பங்கிடுக என்றது. 1995-இல் நடைமுறைக்கு வந்த உலக வணிக அமைப்பின் உடன்படிக்கையோ, கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை வழங்குக என்றது. பாட்டன் வழி அறிவைப் பற்றி அது பேசவில்லை. இரண்டுக்கும் கையொப்பமிட்ட நம் அரசு, 2002-இல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, மரபறிவு கண்டுபிடிப்பாகாது என்று எழுதிற்று. நன்றே. ஆனால் மரபறிவை எவரிடம் கேட்டுப் பெறுவது?

காணிகளின் மருத்துவர்களான பிலாத்திகளிற் சிலர் இவ்வேற்பாட்டை எதிர்த்தனர். நோய் தீர்க்கும் அறிவு விற்பனைக்குரியதன்று என்பது அவர் கொள்கை. மறைத்து வைத்த மருந்து மறைத்தவரோடு அழியும் என்பாரும் உளர், அதில் உண்மையுண்டு. எனினும், காவலரைக் கேளாமல் வழிப்போக்கில் பெற்ற சொல்லுக்குப் பின்னாளில் பாதிப் பங்கு அளிப்பது நேர்மையே தவிர, கேட்டதற்கு ஈடாகாது என்பது என் எண்ணம். அறக்கட்டளையோ கேரளக் காணிகளுக்குரியது. மலையின் மறுபுறம் தமிழகத்தில் வாழும் அவர்தம் உறவினர் அக்கணக்கிலேயே இல்லை.

இதனினும் விந்தை ஒன்றுண்டு. மருந்துக்கு வேண்டிய இலையைக் காணிகள் பயிரிடவும் பறிக்கவும் முனைந்தபொழுது, வனத்துறை தடை சொல்லிற்று. அறிவின் உடைமையாளர் என்று உலக அரங்குகளில் பாராட்டப்பெற்றவர்க்கு, தம் குடிசைக்கு அருகே வளர்ந்த செடியின் இலை உடைமையாக இல்லை.