பூச்சும் இயல்பும்

முன்னாளில் பத்தாங் பெர்ஜுந்தாய் என்றும், 2007 முதல் பெஸ்தாரி ஜெயா என்றும் வழங்கும் ஊரில், தோட்டக் கிராணியாராயிருந்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் வசிக்கின்றார். வெளிநாடு சென்று திரும்பிய அவர் மகன் அவருக்குப் புதிய சுங்கான் ஒன்றைக் கொணர்ந்து கொடுத்தான். நாம் சென்றபோது, ஒரு கையில் சுங்கானும் மறு கையில் உப்புத்தாளுமாக அவர் யோசனையில் ஆழ்ந்திருந்தார்.

"புகையிலை இடும் கிண்ணத்தின் உட்புறம் முழுதும் கரி பூசி அனுப்பியிருக்கிறார்கள். இதைத் தேய்த்து நீக்குவது முறையா? செய்தவன் வைத்தபடியே விடுவது முறையா?" என்று நம்மைக் கேட்டார்.

புகையிலை உயிரைக் குடிப்பது என்பதை மருத்துவர் ஐயமற நிறுவிவிட்டனர். 2019 ஜனவரி முதல் நாளிலிருந்து இந்நாட்டு உணவுக்கடைகளிலும் புகைத்தல் விலக்கப்பட்டுள்ளது. ஆதலின் சுங்கானைப் புகழ்வது நம் நோக்கமன்று. நண்பருடைய கேள்வியே நம் சிந்தையைப் பற்றிக்கொண்டது.

சுங்கான் செய்யும் மரம் மத்தியதரைக் கடலோரக் குன்றுகளில் வளரும் ஒருவகைப் புதரின் வேர்க்கட்டையாகும். அதனை நெடுநேரம் கொதிக்கவைத்துச் சாற்றைப் போக்கி, பல மாதம் உலர்த்திக் கடைவர். பிரான்சு நாட்டின் ஜுரா மலையிலுள்ள செயின்ட் கிளோட் என்னும் ஊர் இத்தொழிலுக்குப் பெயர்பெற்றது. புகைப்பவன் நாளும் பயன்படுத்த, கிண்ணத்தின் உட்புறம் மெல்லிய கரிப்படை தானே படியும். அதுவே மரத்தை நெருப்பினின்று காக்கும். ஆனால் அப்படை அமையச் சில வாரமாகும். அதுவரை மரம் கருகாதிருக்கும் பொருட்டு, ஆலையார் பலர் சோடியம் சிலிக்கேட் போன்ற பசையில் கரித்தூளைக் கலந்து முன்கூட்டியே பூசிவிடுகின்றனர்.

இதில் குற்றமென்ன என்று கேட்கலாம். காக்கும் எண்ணத்தோடு பூசப்பட்டதாயின் குற்றமொன்றுமில்லை. ஆனால் அதே பூச்சு மரத்திலுள்ள குழியையும் வெடிப்பையும் மறைக்கவும் உதவும். பழகாத பொருளைப் பழகியதாகவும் காட்டும். காப்பதும் மறைப்பதும் ஒரே கறுப்பு நிறத்தில் இருத்தலே இங்குள்ள சங்கடம்.

உள்ளிருந்த நண்பரின் மனைவியார் இதைக் கேட்டு, "தம்பி, புது தோசைக்கல் வாங்கினால் துருப்பிடிக்காமல் கடைக்காரன் தடவிய மெழுகை முதலில் தேய்த்துக் கழுவுகிறோம். அதோடு விட்டுவிடுகிறோமா? எண்ணெய் தடவி, வெங்காயம் தேய்த்து, நாலைந்து நாள் பழக்கினால்தானே தோசை எழும்பும்?" என்றார்.

அவ்வம்மையார் சொல்லில் மூன்று பொருள்கள் தனித்தனியே விளங்கின. இரும்பு ஒன்று, பிறர் தடவிய மெழுகு ஒன்று, நம் உழைப்பால் ஏறிய பழக்கம் ஒன்று. முதலாவது இயல்பு, இரண்டாவது பூச்சு, மூன்றாவது பண்பு. மனிதர் விஷயத்தில் இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்புவதினின்றே பெருந்தீங்குகள் விளைகின்றன.

சிலாங்கூர்த் தோட்டங்களின் வரலாற்றையே நோக்குவோம். "தமிழன் அடங்கி நடப்பவன், அது அவன் சுபாவம்; குடிப்பவன், அதுவும் அவன் சுபாவம்" என்று முதலாளிமார் பேசிவந்தனர். 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் கேட்டவை யாவை? கூலி உயர்வு மட்டுமன்று. துரைமார் முன்னும் கிராணிமார் முன்னும் சைக்கிளைவிட்டு இறங்காமல் செல்லும் உரிமை வேண்டும் என்றனர். கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்றனர். அவர்களை வழிநடத்தியோருள் ஒருவரான ஆர். எச். நாதன் அவ்வாண்டு மே மாதத்தில் கைது செய்யப்பட்டார், பின்னர் நாடுகடத்தப்பட்டார். வேலைநிறுத்தத்தை ஒடுக்கப் படை வரவழைக்கப்பட்டது.

அடக்கம் அவர்களுடைய இயல்பாயின் அதனைக் காக்கப் படை எதற்கு? குடி அவர்களுடைய இயல்பாயின் கடையை மூடச் சொல்வானேன்? நிலைத்து நிற்கப் பிறர் காவல் தேவைப்படுவது எதுவோ அது பூச்சு. இதனினும் எளிய சோதனை வேறில்லை.

எனினும் பூச்சென்று கண்டவுடன் கத்தியெடுத்துச் சுரண்டுவதும் அறிவுடைமையன்று. கத்தி மரத்தையும் சேர்த்து அரிந்துவிடும். தேர்ந்தவர் மெல்லிய உப்புத்தாளை விரலிற் சுற்றி, மரத்தின் நிறம் தெரியும்வரை பொறுமையாகத் தேய்ப்பர். தாய் மகனுக்குக் கற்பித்த மரியாதையையும், துரை தொழிலாளிக்குக் கற்பித்த பணிவையும் ஒரே வீச்சில் வழித்தெறிபவன் சீர்திருத்தக்காரனல்லன். முன்னது குழந்தை தன் அறிவு முதிரும்வரை அதனைக் காக்கும் பூச்சு. முதிர்ந்தபின் அதனை ஆராய்ந்து ஏற்கவோ தள்ளவோ அவனுக்கு உரிமையுண்டு. பின்னது ஆராயவே இடங்கொடாத பூச்சு. உரியவன் தொட்டுப் பார்க்க இசைவதா, இசையாததா என்பதைக்கொண்டே இரண்டையும் பிரித்தறிய வேண்டும்.

இன்னொன்றும் கூறவேண்டும். மெழுகை நீக்கியபின் பழக்காத தோசைக்கல் இரண்டே நாளில் துருவேறும். கள் குறைந்த தோட்டங்களில் சம்சு புகுந்த கொடுமையை நம்மில் பலர் கண்ணாரக் கண்டுள்ளோம். இழிவைத் துடைத்த இடத்தில் படிப்பும், சேமிப்பும், கூடிச் செய்யும் காரியங்களும் நாள்தோறும் ஏறாவிடின், வெறும் இரும்பு வெறும் இரும்பாகவும் நில்லாது. துடைப்பது ஒருநாள் வேலை. பழக்குவது ஆயுட்கால வேலை. நம் சங்கங்கள் முன்னதற்கு மேடையமைத்த அளவுக்குப் பின்னதற்கு இரவுப்பள்ளி அமைத்தனவா என்பதை வாசகர்களே எண்ணிப் பார்ப்பார்களாக.

கோல சிலாங்கூர் வட்டாரத்தில் இன்று பால்மரம் நின்ற இடமெங்கும் செம்பனை நிற்கின்றது. 1917-இல் ஹென்றி போக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை அமைத்ததும் இவ்வட்டாரத்தில்தான்; அதன் பெயரோ தென்னமரம். பெயரைக் கண்டு பயிரை நிச்சயிப்பவன் ஏமாறுவான். தோட்டத்தை விட்டுப் பட்டணம் சேர்ந்த நம் பிள்ளைகளின்மீதும் உலகம் ஒரு பெயரைப் பூசி வைத்திருக்கிறது. அதனை அவர்கள் தம் இயல்பென்று நம்பாதிருக்கச் செய்வது பெற்றோரின் முதற் கடமை.

நண்பர் அன்று மாலை பூச்சை முழுதும் தேய்த்தெடுத்தார். அடியில் வெடிப்பேதும் இல்லை. சிவந்த நல்ல மரமே இருந்தது. அதில் புகையிலை இடப்போகின்றாரா என்று வினவினோம். "முதலில் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டேன், மற்றதைப் பிறகு யோசிக்கலாம்" என்று சொல்லி அதனை மேசைமேல் வைத்தார்.