காலுக்கு எசமான் யார்?

மனிதன் இரண்டு வகையாக நடக்கிறான். ஒரு காரியத்தை முன்னிட்டு நடப்பது ஒன்று. யாதொரு காரியமும் இன்றி, நடப்பதற்காகவே நடப்பது மற்றொன்று. முதல் வகை நடையைப் பற்றிக் கேள்வி எழுப்புவார் இல்லை. கடைக்கும், ஆற்றுக்கும், வேலைக்காட்டுக்கும் செல்பவனைத் தடுத்து, 'ஏன் நடக்கிறாய்?' என்று எவரும் கேட்பதில்லை. இரண்டாம் வகை நடையே நம்மவர் ஐயத்துக்கு இடமாகிறது. உழைத்துப் பிழைக்கும் ஒருவன் ஓய்வு நாளில் மலைப்பாதையில் வெறுமனே ஏறி இறங்குவது தகுமா? அது செல்வரின் ஆடம்பரமா, அல்லது மனிதராய்ப் பிறந்த அனைவர்க்கும் உரியதா? இதனை ஈண்டுச் சிறிது ஆராய விரும்புகின்றோம்.

இக்கேள்வி வெறும் ஏட்டுக் கேள்வியன்று. கேமரன் மலைக்குச் செல்வோர் இதனை நேரிற் காணலாம். தானா ராத்தா என்னும் ஊர், கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்தில், மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் அமைந்தது. அப்பெயருக்கு மலாய் மொழியில் சமநிலம் என்பது பொருள். அவ்வூரையும் அடுத்துள்ள பிரிஞ்சாங்கையும் சுற்றி எண்ணிட்ட காட்டுப் பாதைகள் பல உள்ளன. நான்காம் பாதை பாரிட் அருவிக்குச் செல்கிறது. ஒன்பதாம் பாதை ராபின்சன் அருவிக்கு இறங்குகிறது. பத்தாம் பாதை ஜாசார் மலையின் உச்சிக்கு ஏறுகிறது. அங்கே மரவேர்களே படிக்கட்டு, ஈரமண்ணே தரை. 2,031 மீட்டர் உயரமுள்ள பிரிஞ்சாங் மலையை ஒட்டிய காட்டிலோ, மேகம் மரங்களின்மீது தங்கி நிற்பதால், கிளைதோறும் பாசி தடித்துத் தொங்குகிறது. மேகத்திலிருந்து அப்பாசி பிழிந்து சேர்க்கும் நீரும் கீழே ஓடைகளைச் சென்றடைகிறது.

இப்பாதைகளில் நடப்போர் யார்? தூர தேசத்துப் பிரயாணிகள். கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இருந்து விடுமுறைக்கு வருவோர். மலையடியில் தேயிலைச் சரிவுகளிலே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த நம் குடும்பங்களில், அந்த உச்சியை ஒருமுறையேனும் ஏறிப் பார்த்தவர் நாம் அறிந்தவரை மிகச் சிலரே. மலையேறுவது நமக்குப் புதிய பழக்கமன்று. தைப்பூசத்தன்று பத்துமலையின் 272 படிகளை நம் தாய்மார் கைக்குழந்தையோடு ஏறுகின்றனர். ஆகவே, காலில் வலுவில்லை என்பது காரணமாகாது. அங்கே ஒரு வேண்டுதல் இருக்கிறது; ஆதலால் ஏறுகின்றனர். வேண்டுதல் ஒன்றுமின்றி, தம் மகிழ்ச்சியையே காரணமாகக் கொண்டு ஏறலாம் என்னும் எண்ணந்தான் நம்மிடையே வளரவில்லை.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. "நாளெல்லாம் சரிவில் ஏறி இறங்கிக் கால் ஓய்ந்தவனுக்கு ஞாயிற்றுக்கிழமையிலும் நடையா? நாற்காலியில் உட்கார்ந்து கணக்கெழுதும் கிராணிக்கு வேண்டுமானால் நடை இன்பமாயிருக்கும்" என்று தொழிலாளர் ஒருவர் நம்மைக் கேட்கலாம். கேட்பது நியாயமே. தோட்டத்துச் செக்ரோலை எழுதுவோர்க்கு அந்நியாயம் மற்றவரினும் நன்கு விளங்கும். அதில் ஆளின் பெயர் உண்டு, நாள் உண்டு, பறித்த கொழுந்தின் எடை உண்டு. லயத்திலிருந்து மேல்மலைக்கு ஏறிய தூரத்துக்கும், கூடையைச் சுமந்து நிறுக்கும் இடத்துக்கு இறங்கிய தூரத்துக்கும் அதிலே பத்தி கிடையாது. கை செய்த வேலை எழுதப்படுகிறது. கால் செய்த வேலை எழுதப்படுவதில்லை. அப்படிப்பட்ட காலுக்கு ஓய்வு வேண்டாவென்று யார் சொல்ல இயலும்?

ஓய்வு வேண்டும், அதனை மறுப்பார் மனச்சாட்சி அற்றவர். களைத்தவனை மலைக்கு விரட்டுவது நம் கருத்தன்று. ஆயினும் களைப்பு வேறு, கட்டுண்டிருத்தல் வேறு என்பதைப் பிரித்தறிய வேண்டும். வேலைக்காட்டில் நடப்பவன் பெரட்டு மணிக்குப் புறப்படுகிறான். காட்டிய நிரையில் செல்கிறான். கங்காணியின் கண்ணுக்கு எட்டிய வேகத்தில் நகர்கிறான். நிற்க விரும்பிய இடத்தில் நிற்க முடியாது; திரும்ப நினைத்த இடத்தில் திரும்ப முடியாது. கால் அவனுடையதே, அதற்கு எசமான் வேறொருவர். ஓய்வு நாளில் காட்டுப் பாதையில் நடப்பவனோ ஒரு பூவைக் கண்டால் நிற்கிறான். மூச்சு வாங்கினால் அமர்கிறான். போதுமென்று தோன்றினால் பாதி வழியிலே திரும்புகிறான். தூரம் ஒன்றாயிருக்கலாம், வியர்வையும் ஒன்றாயிருக்கலாம். ஆனால் கட்டளையிடுவது அவன் மனமே.

இதனால் என்ன பயன் எனின், கூறுவோம். நாள்தோறும் நம்பரிட்ட மலைகளாகத் துண்டு துண்டாய்க் கண்ட நிலம், உச்சியில் நின்று நோக்கும்போது ஒரே பள்ளத்தாக்காய்த் தெரிகிறது. துரை பங்களாவும் லயமும் அங்கிருந்து பார்த்தால் ஏறத்தாழ ஒரே அளவாய்த் தோன்றும். ஒரு நாளேனும் தன் காலுக்குத் தானே கட்டளையிட்டு, அக்காட்சியைக் கண்டு திரும்பியவன், மறுநாள் பெரட்டில் நிற்கும்போது, தான் கூலிக்குத் தந்தது உழைப்பை மட்டுமே, தன்னையன்று என்பதை உணர்வான். இவ்வுணர்ச்சி இல்லாதவனுக்குச் சம்பளம் உயர்ந்தாலும் தலை நிமிர்வதில்லை.

நிற்க. "இதெல்லாம் வெள்ளைக்காரர் வழக்கம், நமக்கேன்?" என்பாரும் உளர். வெள்ளைக்காரருள்ளும் இவ்வுரிமை எல்லார்க்கும் எளிதில் கிடைத்ததன்று. இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகருக்கு அருகே ஹேஃபீல்டு என்றொரு பள்ளத்தாக்குக் கிராமம் உண்டு. அதற்கு மேலே 636 மீட்டர் உயரத்துக்கு எழும் கிண்டர் ஸ்கௌட் என்னும் மேட்டுநிலம், பிரபுக்களின் பறவை வேட்டைக்கென்று காவலிடப்பட்டிருந்தது. வாரமெல்லாம் ஆலைப் புகையில் உழைத்தவர்கள் அதன்மீது கால் வைக்கலாகாது. 1932-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள், பெனி ராத்மன் என்னும் இருபது வயது இளைஞர் முன்னிற்க, தொழிலாளரும் இளைஞருமாக நூற்றுக்கணக்கானோர் தடையை மீறி ஏறினர். காவலாட்களோடு கைகலப்பு நேர்ந்தது. ஐவர் சிறை சென்றனர். நடந்ததற்காகவா சிறை என்று நாடு கேட்டது. 1949-இல் தேசியப் பூங்காக்களுக்கும் பொதுப் பாதைகளுக்குமான சட்டம் பிறந்தது. 2000-ஆம் ஆண்டுச் சட்டம், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் திறந்த மலைநிலங்களில் நடக்கும் உரிமையைப் பொதுமக்களுக்கு அளித்தது. 2002-இல் டெவன்ஷயர் பிரபு, தம் பாட்டனார் காலத்தில் நேர்ந்ததற்காகப் பலரறிய வருத்தம் தெரிவித்தார். கூலிக்காரர் வீண்நடை என்று இகழப்பட்டது, எழுபது ஆண்டுகளில் ஒரு நாட்டின் நீதியாக மாறிற்று.

உரிமையைப் பேசியவுடன் கடனையும் பேச வேண்டும். நாம் நடக்கும் வழி வானத்திலிருந்து விழுந்ததன்று. 1885-இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் அம்மலைப் பகுதிக்கு வந்தார். மலைக்கு அவர் பெயரே வழங்கலாயிற்று. உடன் சென்ற கூலோப் ரியாவ் என்பாரின் பெயரை இன்று சிலரே அறிவர். இவ்விருவர்க்கும் நெடுங்காலம் முன்னரே அக்காடுகளில் வழி கண்டு வாழ்ந்த செமாய் மக்களின் பெயரையோ எந்தப் படத்திலும் காணோம். பின்னர் 1929-இல் தேயிலைத் தோட்டம் தோன்றிற்று. 1930-களின் தொடக்கத்தில் தாப்பாவிலிருந்து சாலை தானா ராத்தாவை எட்டியது. காட்டை அழித்துத் தேயிலை நட்டவருள் நம் முன்னோரும் இருந்தனர். இன்று அச்சரிவுகளில் கொழுந்து பறிப்போருள் வங்காளதேசத்தாரும் நேபாளியரும் உண்டு. மலையை மலையாக்கியவர் இத்தனை பேர். பெயர் மட்டும் ஒருவருக்கு.

சாலை போடுவோர் காகிதம் வைத்திருப்பர். காட்டுத் தடத்துக்குக் காகிதம் இல்லை. நடந்த கால்களே அதற்குச் சாட்சி. சிலாங்கூரில் நெடுஞ்சாலைக்காக நிலம் இழந்த தெமுவான் பூர்வகுடிகளின் வழக்கில், பரம்பரையாக வாழ்ந்த நிலத்தின்மீது அவர்களுக்கு உரிமை உண்டென்று 2002-இல் ஷா ஆலம் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மூன்று தலைமுறை லயத்தில் இருந்தும் ஒரு பட்டாவும் இன்றி மூட்டை கட்டிய வேதனையை நம்மவர் அறிவர். அதனை அறிந்த நாமே, பூர்வகுடிகளின் ஊர் வழியே செல்லும்போது அவர்களை வேடிக்கைப் பொருளாய்ப் பார்ப்போமாயின், நம் தன்மானப் பேச்சுக்குப் பொருள் ஏது? அவர்கள் வீட்டு முற்றத்தில் அனுமதியோடு நடப்பதே முதற்கடன்.

காட்டுக்குச் செலுத்தும் கடன் அடுத்தது. பாசி வளர ஆண்டுகள் பல செல்லும். மிதித்தழிக்க ஒரு நொடி போதும். அதனாற்றான் பிரிஞ்சாங் மலைக்காட்டில் பலகையால் நடைபாதை அமைத்துள்ளனர். அதைவிட்டு இறங்குவதும், குடுவைச் செடியைப் பறிப்பதும், தின்றதன் தாளை வீசுவதும் உரிமையல்ல, திருட்டுக்கு நிகர். உயிர்க்காப்பும் கடமையே. தாய்லாந்துப் பட்டு வணிகத்தில் புகழ்பெற்ற ஜிம் தாம்சன் என்னும் அமெரிக்கர், 1967 மார்ச் 26-ஆம் நாள் தானா ராத்தாவை அடுத்த ஒரு பங்களாவிலிருந்து வெளியே சென்றவர், திரும்பவேயில்லை. போலீசாரும் படையினரும் பூர்வகுடிகளும் தேடியும் சுவடு கிடைக்கவில்லை. என்ன நேர்ந்ததென்பது இன்றும் மர்மம். ஆகவே தனியே செல்லாமையும், புறப்படுமுன் ஒருவரிடம் வழியைச் சொல்லி வைப்பதும், பொழுது சாயுமுன் இறங்குவதும் வேண்டும்.

தோட்டத்து இளைஞர் மன்றங்களும் பள்ளி ஆசிரியர்களும் ஆண்டுக்கொரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென ஒதுக்குவாராக. கேமரன் மலைக்கே போக வேண்டுமென்பதில்லை. அருகில் உள்ள குன்று போதும். பிள்ளைகளுடன் பெற்றோரும் செல்லட்டும். சிறப்பாக, வேலைக்காட்டையும் அடுக்களையையும் அன்றி வேறு வழி அறியாத நம் பெண்கள் செல்லட்டும். இவ்வழியில் முன் நடந்தவர் யார் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே ஏறுங்கள். அன்றைய நடைக்கு எந்தக் கணக்கிலும் பத்தி வேண்டா. அது கூலிக்கு நடந்ததன்று. ஆதலால் அதனை எழுதும் அதிகாரம் எந்தக் கிராணிக்கும் இல்லை.