திரும்பி வருகிறவரின் இடம்

ஒரு விமானியின் வேலை இரண்டு எண்களில் நிற்கிறது. ஒன்று, லாக் புக்கில் ஏறிக்கொண்டே போகும் பறந்த மணி நேரம். அது அவருடையது, எந்தக் கம்பெனிக்குப் போனாலும் கூடவே வரும். இன்னொன்று, பணிமூப்புப் பட்டியலில் அவருக்கு இருக்கும் இடம். அது கம்பெனியுடையது, வேலையை விட்டதும் போய்விடும். பணிமூப்பு பார்க்கிற நிறுவனங்களில் யார் முதலில் கேப்டனாவது, தீபாவளிக்கு யாருக்கு லீவு, ஆட்குறைப்பு வந்தால் யார் முதலில் வெளியே போவது எல்லாமே இந்த இரண்டாவது எண்ணை வைத்துத்தான். பத்தாயிரம் மணி நேரம் பறந்தவராக இருந்தாலும், போய்விட்டுத் திரும்பி வந்தால் நேற்று சேர்ந்த பிள்ளைக்குக் கீழேதான் பெயர்.

இது நியாயமா என்ற கேள்வி சில மாதங்களாக எங்கள் குடும்பத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. என் பெரியம்மா மகன் விமானி. கோவிட் காலத்தில் அவரைச் சம்பளமில்லா விடுப்பில் வைத்தார்கள். மாதங்கள் போன பிறகு ஒரு கடிதம் வந்தது: இப்படியே காத்திருக்கலாம், அல்லது ஒரு சிறிய தொகையை வாங்கிக்கொண்டு விலகலாம். வீட்டுக் கடன் இருந்தது. கையெழுத்துப் போட்டார். கொஞ்ச காலம் கிராப் ஓட்டினார், பிறகு வெளிநாட்டில் சரக்கு விமானம். இப்போது பழைய நிறுவனம் கூப்பிடுகிறது. கேப்டனாக இருந்தவரை ஃபர்ஸ்ட் ஆபிசராக. தோளில் நான்கு கோடு மூன்றாகிறது.

"வீட்டோட இருந்து வேலை பார்க்கலாமே, வேறென்னடா வேணும்?" என்கிறார் பெரியம்மா. அண்ணனுக்குக் கோடு கூடப் பெரிய விஷயமில்லை. "ஃபைல்ல நான் விருப்பப்பட்டு விலகினேன்னு இருக்கு. அதான் ஒத்துக்க முடியல" என்கிறார்.

பணிமூப்பைச் சுலபமாகத் திட்ட எனக்கு மனம் வராது. திறமைதான் முக்கியம் என்று பேசுவது நன்றாகத்தான் இருக்கும். ஆனால் திறமையை யார் அளப்பது? நம்மூரில் 'கேபிள்' என்கிறோமே, அந்தச் செல்வாக்கு இல்லாத பிள்ளைகளுக்கு முகம் பார்க்காத வரிசைதான் பாதுகாப்பு. முன்னே சேர்ந்தவன் முன்னே. அதில் இனம் கிடையாது, மேலதிகாரியோடு கோல்ஃப் ஆடியிருக்க வேண்டிய அவசியமும் கிடையாது. வரிசையை விட்டுப் போனவன் திரும்பி வந்து பழைய இடத்தைக் கேட்டால் பின்னால் நிற்பவன் கோபப்படுவதும் சரிதான்.

ஆனால் இதெல்லாம் தானாகப் போனவனுக்குப் பொருந்தும். அனுப்பப்பட்டவனுக்கு?

அமெரிக்க விமானிகளின் தொழிற்சங்க ஒப்பந்தங்கள் இந்த வித்தியாசத்தைத் தெளிவாக வைத்திருக்கின்றன. ஆள் அதிகமாகிவிட்டால் அங்கே விமானியை 'ஃபர்லோ' செய்கிறார்கள். சம்பளம் நின்றுபோகும், பட்டியலில் இடம் போகாது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அப்படி வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கானோர். சிலருக்குத் திரும்ப அழைப்பு வரப் பல வருடங்கள் ஆயின. வந்தபோது பழைய எண்ணுக்கே திரும்பினார்கள். வறுமையை இது தீர்க்காதுதான். ஆனாலும் 'நீ போகவில்லை, நாங்கள்தான் அனுப்பினோம்' என்பதை நிறுவனம் எழுத்தில் ஒப்புக்கொள்கிறது.

நம் நாட்டில் 2015இல் நடந்தது இதற்கு நேரெதிர். மலேசிய விமான நிறுவனத்தின் சுமார் 20,000 ஊழியர்களுக்கும் பணிநீக்கக் கடிதம் போனது. அவர்களில் ஏறக்குறைய 14,000 பேருக்கு, செப்டம்பர் முதல் தேதி தொடங்கவிருந்த புதிய நிறுவனத்தில் வேலை தருவதாக இன்னொரு கடிதம். அதே விமானம், அதே சுபாங், அதே கேஎல்ஐஏ. ஆனால் பழைய முதலாளியின் வாரிசாகப் புதிய நிறுவனம் கருதப்படாது என்பதற்கு நாடாளுமன்றம் தனிச் சட்டமே போட்டது. நிறுவனத்தைக் காப்பாற்ற வேறு வழி இருந்ததா என்பது வேறு விவாதம். எனக்கு உறுத்துவது இதுதான்: நிறுவனம் பெயரை மாற்றிக்கொண்டு தன் கடந்த காலத்தை விட்டு இறங்கிவிட முடிகிறது. விமானி மட்டும் ஒரு கையெழுத்தைக் கடைசிவரை சுமக்க வேண்டியிருக்கிறது.

ஏர் இந்தியா வழக்கையும் சொல்ல வேண்டும். 2019இல் ராஜினாமா கொடுத்த 40க்கும் மேற்பட்ட விமானிகள், நோட்டீஸ் காலம் முடிவதற்குள் மனம் மாறி அதைத் திரும்பப் பெற்றார்கள். 2020 ஆகஸ்டில், கோவிட் நெருக்கடிக்கு நடுவில், நிறுவனம் அந்தப் பழைய ராஜினாமாக்களை எடுத்துவைத்து அவர்களை அனுப்பியது. 2021 ஜூனில் டெல்லி உயர்நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்து, சம்பள பாக்கியோடு திரும்ப எடுக்கச் சொன்னது. 'போகிறேன்' என்று சொல்லிவிட்டவனுக்கும் உண்மையில் போகும்வரை மனம் மாற உரிமை உண்டு.

அண்ணனுக்கு அந்த வழி கிடையாது. அவர் கையெழுத்துப் போட்டதும் உண்மை, போனதும் உண்மை. அது விருப்பமா என்று கேட்டால் என்னால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. இரண்டு கதவுகளில் ஒன்று பட்டினிக்குத் திறந்தால், இன்னொன்றில் நுழைந்தவனைப் பார்த்து 'நீயாகத்தானே வந்தாய்' என்பது சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால் அது உண்மை இல்லை.

எதிர்வாதத்தையும் அண்ணனே கொண்டுவந்தார். அவருக்குக் கீழே பறந்த ஒரு பையன் விடுப்பிலேயே காத்திருந்து, பிறகு குறைந்த சம்பளத்துக்குப் பறந்து, இப்போது கேப்டனாகியிருக்கிறான். "அண்ணே, நானும்தான் கடன்ல இருந்தேன். நான் போகலியே" என்றானாம். இதற்கு அண்ணனிடம் பதிலில்லை. எனக்கு ஒன்று தோன்றுகிறது. காத்திருந்தவனுக்குக் கடன்பட்டிருப்பது நிறுவனம், அண்ணன் அல்ல. அந்தக் கடனைத் தன் கையிலிருந்து கொடுக்காமல், திரும்பி வருகிறவனின் வருடங்களை எடுத்துக் கொடுத்துக் கணக்கை முடிக்கிறது. இரண்டு தொழிலாளிகள் ஒரு இருக்கைக்காக மனஸ்தாபப்படுகிறார்கள்.

நிறுவனத்துக்கு இதில் நஷ்டமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2020 அக்டோபரில் ஏறக்குறைய 5,900 பேரை அனுப்பி, இருந்த விமானிகளுக்கும் குறைந்த சம்பள ஒப்பந்தத்தை நீட்டிய கேத்தே பசிபிக், 2024 தொடக்கத்தில் விமானிகள் போதாமல் விமானங்களை ரத்து செய்தது.

அண்ணன் ஒப்புக்கொண்டுவிட்டார். வலதுபக்க இருக்கை, மூன்று கோடு, பட்டியலின் அடி, எல்லாவற்றுக்கும் சரி. சிமுலேட்டர் பரீட்சையைப் பற்றி அவருக்குப் புகாரே இல்லை. "அது பயணிகளுக்காக, எத்தனை தடவைன்னாலும் எழுதலாம்" என்கிறார். ஒன்று மட்டும் கேட்டு எழுதியிருக்கிறார்: பழைய ஃபைலில் 'விருப்ப விலகல்' என்று இருப்பதை 'ஆட்குறைப்பு' என்று மாற்றித் தர முடியுமா? சம்பளத்தில் ஒரு ரிங்கிட் கூடாது, வரிசையில் ஓர் இடம் ஏறாது. பெரியம்மாவுக்கு இது வேண்டாத வேலை.

சிமுலேட்டருக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். அந்தக் கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை.