கடலும் நீரும் உப்பும்



மெய்கண்டதேவர் சிவஞானபோதத்து ஏழாஞ் சூத்திரத்தை விளக்குமிடத்துக் கடலையும் நீரையும் உப்பையும் உவமையாக எடுத்தாண்டனர். உப்பு நீரைப் பற்றி நிற்பதேயன்றி, அந்நீருக்கு இடங்கொடுத்து நிற்கும் கடல்வெளியைப் பற்றுவதன்று. அங்ஙனமே ஆணவமலம் உயிரைப் பற்றுமன்றி, உயிர்க்கு இடமாய் நிற்கும் முதல்வனைப் பற்றமாட்டாது. இவ்வுண்மையை உலகுக்கு உணர்த்திய ஆசிரியர் வாழ்ந்தருளிய திருவெண்ணெய்நல்லூரும், அவ்வுவமையைக் கண்ணாரக் காணத்தகும் மரக்காணத்து உப்பளங்களும் இன்று விழுப்புரம் என்னும் ஒரே மாவட்டத்தின்கண் உள்ளன.

பூமீசுவரர் எழுந்தருளியுள்ள அம் மரக்காணத்தில், மழை ஓய்ந்தபின் அளத்துத் தொழிலாளர் சேற்றை மிதித்துப் பாத்தி திருத்துவர், உவர்நீர் பாய்ச்சுவர், வெயில் நீரை உண்ண, எஞ்சிய உப்பை வாரிக் குவிப்பர். ஐப்பசி மழை வந்ததும் வரப்புகள் கரைந்து பாத்திகள் மீண்டும் சேறாகும். இஃது ஆண்டுதோறும் நிகழ்வது. இதற்குமேல் 2004 திசம்பர் 26இல் ஆழிப்பேரலை எழுந்தது. 2020 நவம்பர் 25ஆம் நாள் நள்ளிரவையொட்டி நிவர்ப் புயல் புதுவைக்கும் மரக்காணத்திற்கும் இடைப்பட்ட கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30இல் பெஞ்சல் புயல் புதுவையருகே கரையேறி இம்மாவட்டம் முழுவதையும் வெள்ளக்காடாக்கியது.

உலகத்தார் நிலையும் இதனின் வேறன்று. 2020இல் கொள்ளைநோய், 2022இல் உருசியப் படை உக்கிரேனுட் புகுந்த பெரும்போர். "எல்லாம் இறைவன் ஆணையெனின் இவை ஏன்?" என்று வினவுவார் பலர். ஆள்வோன் ஒருவனும் இலன் என்பாரை ஈண்டு விடுவோம். அவர்க்கு முதற் சூத்திரமே விடை கூறும். நம்மவருள்ளேயே ஒரு சாரார், "அவரவர் வினை; நாம் என் செய்வோம்?" என்று கைகட்டி அமர்கின்றனர். நம் சபைகளிலும் இச்சொல் கேட்கப்படுகின்றது. அடியேனுக்கு நாத்திகத்தினும் இஃது அஞ்சத்தக்கதாகத் தோன்றுகின்றது.

என்னையெனின், வினை சடம் என்பது நம் சித்தாந்தம். அது தானே சென்று தன் பயனை ஊட்டமாட்டாது. அறிந்து கூட்டுவிப்பவன் முதல்வன் ஒருவனே. ஆகவே அக்கணக்கு அவனுக்கேயுரியது. தன் துன்பத்தைத் தன் வினையென்று ஏற்றுப் பொறுத்தல் அடியார் இயல்பு. உப்பெல்லாம் கரைந்துபோன குடும்பத்தின் முன்னின்று அவர்தம் வினையைப் பேசுவாரோ, ஆண்டவன் கணக்கேட்டைத் தாமே பிரித்துப் படிக்கப் புகுந்தவராவர். இறைவன் தலைமையை நம்பினார்க்கு அத்துணிவு எங்ஙனம் வந்தது?

பத்தாஞ் சூத்திரம் விதிப்பது இறைபணி நிற்றல். நிற்றல் என்பது சும்மா கிடத்தலன்று. இதே கடலின் தென்பாற் கரையிலன்றோ, கல்லோடு பிணித்து எறியப்பட்ட நாவரசர் திருப்பாதிரிப்புலியூரிற் கரையேறினார்! பின்னர்ப் பல்லவ வேந்தன் பணிந்தான் என்று பெரியபுராணம் கூறும். அதற்குப் பின்னும் அப்பெருமான் கையினின்று உழவாரம் நீங்கவில்லை. அரசன் சினந்த காலத்தும் புல் முளைத்தது. அவன் பணிந்த காலத்தும் முளைத்தது. செதுக்குவார் வேண்டுமன்றோ?

2020இல் திருக்கோயிற் கதவங்கள் அன்பர்க்கு அடைபட்டிருந்த திங்கள்களிலும் உள்ளே நித்திய பூசை நிகழ்ந்தது. காண்பார் ஒருவரும் இலர், புகழ்வாரும் இலர். விளக்கேற்றி, நீராட்டி, அமுது படைத்து நின்ற அர்ச்சகர் பலர், மறுதிங்கள் தம் இல்லத்து அரிசிக்கு என் செய்வது என்று அறியாதவராயிருந்தனர். நோய் எப்பொழுது தீருமென்பது அவர்க்குத் தெரியாது. அடுத்த வேளைப் பூசை எப்பொழுதென்பது தெரியும்.

மரக்காணத்திற்கு மீள்வோம். ஐப்பசி முதல் மார்கழி ஈறாக அளத்திற் கூலி அரிது. நம் சபையார் மாகேசுர பூசைக்கென எடுத்துவைக்கும் அரிசியில் ஒரு பங்கை அம்மூன்று திங்களும் அளத்துக் குடிசைகளுக்குக் கொண்டு செல்லலாம். பெறுவார்தம் சாதியையும் சமயத்தையும் வினவற்க. கொடுத்தவர் பெயரையும் எழுதற்க. கொண்டு செல்வோர் மழை விடுமட்டும் காத்திராது, மழையிலேயே செல்லுதல் வேண்டும்.